சுத்த இருதயத்த பீடத்துப் படியில நின்னு செக் பண்ண முடியாது அண்ணாச்சி

போன முதல் ஞாயிறு எங்க கோயில்ல என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த வாய்ஸ் நோட் வந்து சேந்திருக்கும், அதனால முழுசா திரும்பச் சொல்லல. ராப்போஜனத்துக்கு, அதாவது அப்பமும் ரசமும் குடுக்கிற கர்த்தரோட பந்திக்கு, வந்த ஒரு காலேஜ் பிள்ளைய எங்க சபை அண்ணாச்சி பீடத்துப் படியிலயே திருப்பி அனுப்பிட்டு, அதப் பத்தி சபை குரூப்ல வாய்ஸ் நோட்டும் போட்டாரு. பேச வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா "சுத்த இருதயம் இல்லாதவங்க பந்திக்கு வந்தா சபைக்குத்தான் கேடு"ன்னு அதுல வர்ற அந்த ஒரு வரி மனசுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு.

அந்தப் பிள்ளையோட இருதயத்த எப்போ அண்ணாச்சி பாத்தீங்க? நீங்க பாத்தது தலையில முக்காடு இல்லங்கறத, அவ ஜீன்ஸ் போட்டிருந்தத. அவ்வளவுதான். ஹாஸ்டல்ல இருந்து ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலம் வந்து இறங்கி, ராப்போஜனத்த விட்டுரக்கூடாதுன்னு பையோட நேரா கோயிலுக்கு வந்த பிள்ள அது. படிகிட்ட வந்தவள கைய நீட்டி மறிச்சு, அத்தன பேர் முன்னாடி திருப்பி அனுப்புனீங்க. அவ அழக்கூட இல்ல, தலையக் குனிஞ்சுக்கிட்டு பின் வாசல் வழியா வெளிய போயிட்டா. அத நெனச்சாதான் எனக்கு இன்னும் தாங்கல.

அன்னைக்கு ஆராதனை ஆரம்பிக்கும்போது நாம எல்லாரும் என்ன ஜெபம் பண்ணோம்? எல்லா உள்ளமும் உமக்குத் திறந்திருக்கு, எந்த ரகசியமும் உமக்கு மறைவில்ல, எங்க இருதயத்து நெனப்புகளச் சுத்தமாக்கும்னு. 1549-ல வந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்துலயே இருக்கிற ஜெபம், இன்னைக்கும் நம்ம சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபை, ஆராதனை முறையில இருக்கு. "எங்க" இருதயத்தன்னுதான் கேக்கிறோம், மூணாவது பெஞ்சுல இருக்கிறவளோட இருதயத்தன்னு கேக்கல. எல்லார் உள்ளமும் ஆண்டவருக்குத் திறந்திருக்குன்னு சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள ஒருத்தரோட உள்ளத்த துணிய வச்சு அளந்து தீர்ப்பு சொல்லியாச்சு.

திரும்பத் திரும்ப இதத்தான் சொல்லப் போறேன், கோவிச்சுக்காதீங்க. இருதயம் சுத்தமா இருக்கான்னு சோதிக்கிற வேலை என் இருதயத்தோட முடிஞ்சுருது. அடுத்தவங்க இருதயத்துக்குள்ள போக எனக்கும் வழி இல்ல, உங்களுக்கும் இல்ல, சபை போதகரான ஐயருக்கும் இல்ல. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்"னு சாமுவேலுக்கே சொல்ல வேண்டி இருந்துச்சு. அவர் தீர்க்கதரிசி, அடுத்த ராஜாவத் தேடிப் போன இடத்துல அவரே தாவீதோட அண்ணன் எலியாபோட உயரத்தப் பாத்து ஏமாந்துட்டாரு.

"தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்"னு 51-ம் சங்கீதத்த நாமெல்லாம் மனப்பாடமா சொல்றோம். அது எப்போ பாடுன சங்கீதம்? தாவீது ராஜா உரியாவோட மனைவி பத்சேபாள எடுத்துக்கிட்டு உரியாவையும் சாகடிச்ச பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து பேசுன பிறகு. நாத்தான் ஒரு ஐசுவரியவான் ஏழையோட ஆட்டுக்குட்டியப் பிடுங்கிட்டான்னு கதை சொன்ன உடனே தாவீதுக்கு எப்படிக் கோபம் வந்துச்சு! அந்த மனுஷன் சாகணும்னு தீர்ப்பே சொல்லிட்டாரு. உரியாவோட ரத்தம் தன் கையில இருக்கும்போது அடுத்தவன் பாவம் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது. "நீயே அந்த மனுஷன்"னு கேட்ட பிறகுதான் "என்னிலே"ன்னு ஜெபம் வந்துச்சு. இந்தப் பகுதிய எத்தன தடவ பிரசங்கத்துல கேட்டிருக்கோம், நம்மளத் தொடாமலே போயிருது.

எங்க ஆச்சியப் பத்தி சொல்றேன். ஆச்சி சின்ன வயசுல ஒரு கன்வென்ஷன் கூட்டத்துல பாம்படத்தக் கழட்டிப் போட்டவங்க. சாகுற வரைக்கும் பொட்டுத் தங்கம் போடல. ஊரே "பரிசுத்தவாட்டி"ன்னு சொல்லும். ஆனா கூடப்பிறந்த தங்கச்சியோட பனை வரப்பு விஷயத்துல பேச்சு கிடையாது, ரெண்டு பேரும் ஒரே கோயில்ல, வேற வேற ஓரத்துல உக்காருவாங்க. கடைசிக் காலத்துல எண்ணெய் தேச்சு விடும்போது எங்கிட்ட சொன்னாங்க, "பாம்படத்தக் கழட்ட ஒரு சாயங்காலம் போதும்டி, அவமேல இருக்க இத கழட்ட முடியலியே"ன்னு. அப்புறம் ஒரு சனிக்கிழமை என்னத்தான் கூட்டிக்கிட்டு சின்னாச்சி வீட்டுக்குப் போனாங்க. மன்னிப்பு அது இதுன்னு ஒண்ணும் பேசல, உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டு வந்தாங்க. மறுநாள் ராப்போஜனம். சுத்த இருதயத்துக்குப் பாடுபடுறதுன்னா இதுதான்னு நான் கத்துக்கிட்டது அங்கதான், எந்த பைபிள் ஸ்டடியிலயும் இல்ல.

இது ஆச்சிக்கு மட்டும் உள்ள கஷ்டமும் இல்ல. 1600 வருஷத்துக்கு முன்னாடி எகிப்து வனாந்தரத்துத் துறவிகளப் பத்தி, அவங்ககூட இருந்து கத்துக்கிட்ட ஜான் கசியன்ங்கற துறவி எழுதி வச்சிருக்காரு. நிலம் நீச்சு, பொன்னு வெள்ளி எல்லாத்தையும் உதறிட்டு வந்தவங்க, அப்புறம் ஒரு சின்னக் கத்திக்கும் ஊசிக்கும் எழுதுகோலுக்கும் கோபப்பட்டாங்களாம். உபவாசம், கண்விழிப்பு, வேத வாசிப்பு எல்லாமே இருதய சுத்தத்துக்குக் கருவிதான், உபவாசத்துல சம்பாதிக்கிறதவிட கோபத்துல இழக்கிறது ஜாஸ்தின்னு அங்க ஒரு பெரியவர் சொல்றாரு. முக்காடும் கருவிதான் அண்ணாச்சி. கருவிய வச்சு ஒரு பிள்ளைய அடிச்சுட்டீங்க.

சரி, இப்போ கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு.

"அப்போ கோயிலுக்கு எப்படி வேணா வரலாமா, ஒழுங்கு வேண்டாமா?" வேணும். நானும் முக்காடு போடுறவதான். ஒழுங்கச் சொல்றதுக்கு ஆராதனை முடிஞ்சு தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம், பக்கத்துல இருந்த ஒரு அக்கா தன் ஷால எடுத்துக் குடுத்திருக்கலாம். பந்தியில இருந்து துரத்துறது ஒழுங்கு இல்ல.

"பொம்பளைங்க உடையால மத்தவங்க சிந்தை கெடுது." இத எழுதவே கூசுது, ஆனா சொன்னாங்க. இச்சையோட பாக்கிறவன் தன் இருதயத்துல விபசாரம் செஞ்சாயிற்றுன்னு சொன்ன ஆண்டவர், அடுத்த வசனத்துல யார் கண்ணப் பிடுங்கிப் போடச் சொன்னாரு? பாத்தவன் கண்ணத்தான். அவருக்குத் தெரியாத ஒழுங்கா நமக்குத் தெரிஞ்சிரும்?

"1 கொரிந்தியர் 11-ல முக்காடு இருக்கே." இருக்கு. அதே அதிகாரத்த தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் வாசிங்க. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்"னு பவுல் கொதிக்கிறாரு, வசதியானவங்க முந்திச் சாப்பிட்டு இல்லாதவங்கள வெக்கப்படுத்துறதப் பாத்து. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து"ன்னு சொல்றதும் அங்கதான். முக்காட்டு வசனம் மட்டும் நமக்கு மனப்பாடம்.

ஏன்னா மிச்சத்த வாசிச்சா நம்ம கதை வெளிய வந்துரும். பந்தியில யாரு முந்தி, யாரு பிந்திங்கறது இந்த மண்ணுல பழைய சண்டை. சபைக்குள்ள சாதி வித்தியாசத்த விட்டுருங்கன்னு கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல சுற்றறிக்கை அனுப்புனாரு, அதுக்காகவே சபைய விட்டு வெளிய போனவங்க எத்தனையோ பேர். கத்தோலிக்கங்கள எடுத்துக்கிட்டா வடக்கன்குளத்துல கோயிலுக்கு நடுவுலயே சுவர், 1910-ல கௌசானல் அடிகளார்தான் இடிச்சாரு. சுவர் போயிருச்சு. எங்க அண்ணன் விரும்புன பொண்ணு எங்ககூடவே சண்டே ஸ்கூல் படிச்சவ, அதே பீடத்துல அதே பாத்திரத்துல குடிச்சவ. "நல்ல பிள்ளதான், ஆனா நம்மாளு இல்லையே"ன்னு வீட்டுக்கே வந்து அப்பாகிட்ட சொல்லி அத முறிச்சது யாருன்னு, இன்னைக்கு சுத்த இருதயத்தப் பத்தி வாய்ஸ் நோட் போட்டவங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நான் வாயத் திறக்கல. அண்ணன் இப்போ கோயிலுக்கு வர்றதில்ல. இருதயத்துல இருந்து புறப்பட்டு வர்றதுதான் மனுஷனத் தீட்டுப்படுத்தும்னு மத்தேயு 15-ல இருக்கிற பட்டியல்ல ஜீன்ஸ் இல்ல, நான் தேடிப் பாத்துட்டேன். பொல்லாத சிந்தனை முதல்ல இருக்கு.

"சபை விஷயத்த முகநூல்ல போடலாமா"ன்னு கேக்கிறவங்க, ஒரு காலேஜ் பிள்ளைய முந்நூறு பேர் இருக்கிற குரூப்ல போட்டப்போ எங்க இருந்தீங்க? உங்களுக்கு இதுக்கு மேல பதில் சொல்ல எனக்கு மனசு இல்ல.

அடுத்த முதல் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கு அண்ணாச்சி. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருவாயாகில் காணிக்கைய வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு மத்தேயு 5-ல இருக்கிறது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. அவ வீடு உங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி. போய் அவகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் பேசுங்க, தனியாப் போகச் சங்கடமா இருந்தா நான் வர்றேன், ஐயரும் வரட்டும். போயிட்டு வந்த பிறகு, வாய்ஸ் நோட் போட்ட அதே குரூப்ல அதையும் போடுங்க.