தாழம்பூ வாசனைக்கு பாம்பு வருமா?

"வீட்டுல தாழம்பூ, மல்லிகை இருந்தா அந்த வாசனைக்கே பாம்பு வந்துடும், உடனே வெட்டுங்க"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது. தப்புங்க. பாம்புக்கு பூ வாசனையில ஒரு வேலையும் இல்ல, அது தேனும் குடிக்காது. அது நாக்கை நீட்டி நீட்டி இழுக்குறது காத்துலயும் தரையிலயும் இருக்குற வாசனைத் துகளை எடுத்து, வாயோட மேல்புறத்துல இருக்குற ஜேக்கப்சன் உறுப்புக்கு கொண்டுபோகத்தான். அதுல அது தேடுறது எலி, தவளை, இல்லன்னா தன்னோட ஜோடி.

அப்போ தாழம்புதர்ல ஏன் பாம்பு இருக்கு? அந்தப் புதரை கிட்டப்போய் பாருங்க, வாய்க்கால் ஓரம், ஓடைக்கரைன்னு ஈரமான இடத்துல வளரும், விழுது மாதிரி வேர் பின்னிக்கிட்டு கீழ நிழலா குளுகுளுன்னு இருக்கும், இலை ஓரமெல்லாம் முள்ளு, அதனால பருந்தோ மனுஷனோ லேசுல உள்ள கை வைக்க முடியாது, பக்கத்துலயே தவளை, எலி. பூக்காத சீசன்லயும் அங்க பாம்பு இருக்கும்ல!

மல்லிகைக் கொடியும் இதே கதைதான், பூச்சிக்கு பல்லியும் ஓணானும் வரும், அதுங்களைப் பிடிக்க பச்சைப்பாம்பு வரும். நல்லபாம்பு எலி வளையிலயும் கரையான் புத்துலயும் தங்கும், புத்து கட்டுறது என்னவோ கரையான்தான். சுருட்டைவிரியனுக்கு காஞ்ச நிலமும் கல்லு இடுக்கும் போதும், அங்க பூ எங்க இருக்கு?

தயவுசெஞ்சு செடியை வெட்டாதீங்க. செவுத்தோரம் குவிச்ச செங்கல், விறகு, தென்னமட்டையை எடுங்க, சிந்தின தானியத்தைக் கூட்டுங்க, எலி குறையும். ராத்திரி வெளிய போனா டார்ச் இல்லாம போகாதீங்க.