அப்பாவின் போனைப் பின்சீட்டுக்குக் கொடுக்காதீர்கள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், காரில் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் கொடுப்பது சரியா தப்பா என்று இங்கே ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். "எங்க காலத்துல ஜன்னல்ல வேடிக்கை பார்த்துக்கிட்டே போனோம்" என்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அது பஸ் ஜன்னல் ஐயா. உயரமாக இருந்தது, திறந்திருந்தது, காற்று அடித்தது. பஸ் ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புறப்பட்டது. வெள்ளரிப் பிஞ்சும் முறுக்கும் ஜன்னலுக்கே வந்தன. இன்றைக்குச் சென்னையில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கினால் சுமார் 620 கிலோமீட்டர், ஊர்களை எல்லாம் பைபாஸ் ஒதுக்கிவிடும். நடுவில் அரளிச்செடி, ஓரத்தில் தடுப்புக் கம்பி, ஏசிக்காக ஏற்றிவிட்ட கண்ணாடி. ஐந்து வயதுப் பிள்ளை 11 மணி நேரம் அரளிச்செடியை வேடிக்கை பார்க்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

அதனால் படம் போடலாம். ஆனால் போடுகிற படத்துக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். சண்டையே வேண்டியது இங்கேதான்.

பழைய போர்ட்டபிள் டிவிடி பிளேயரை இப்போது யாரும் மதிப்பதில்லை. 7 அங்குலத் திரை, மங்கலான படம், பள்ளத்தில் இறங்கினால் தட்டு ஒரு நொடி திக்கும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. தட்டு முடிந்தால் படம் முடிந்தது. மெனு வந்து நிற்கும், பிள்ளையே நிமிர்ந்து "முடிஞ்சிருச்சு" என்று சொல்லும். போனில் அந்தச் சொல்லே வராது. ஒன்று முடியும் முன்பே அடுத்தது கீழே எட்டிப் பார்க்கும். பாதியில் பிடுங்கும்போதுதான் பிள்ளை அழுது புரளுகிறது. நாம் பழியைத் திரையின் மேல் போடுகிறோம், உண்மையில் அது பாதியில் பிடுங்கியதற்கான அழுகை.

அப்பா போனைக் கொடுப்பதில் இன்னொரு வம்பு. அதில்தான் மேப் ஓடுகிறது, ஃபாஸ்டேக்கில் பணம் போட வேண்டும், டீக்கடையில் ஜிபே பண்ண வேண்டும், ஊரிலிருந்து "எங்க வர்றீங்க" என்று 40 கிலோமீட்டருக்கு ஒரு முறை அழைப்பு வரும். விக்கிரவாண்டியில் நேராகப் போவதா கும்பகோணம் ரோட்டில் திரும்புவதா என்று பார்க்கப் பிள்ளை கையிலிருந்து போனைப் பறித்தால், அழுகை காதைப் பிளக்கும். ஓட்டுகிறவர் கவனமும் அதோடு போகும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 8 அங்குல டேப் ஒன்று போதும். சிம்மைக் கழற்றிவிடுங்கள். வேண்டாத ஆப்களை நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்' வசதியும் ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்' வசதியும் இருக்கின்றன. ஒரு ஆப்பைத் திறந்து, வெளியேற பாஸ்வேர்டு கேட்கும்படி பூட்டிவிட்டால் பிள்ளை அதைவிட்டு வெளியே போக முடியாது. கைடட் ஆக்சஸில் எத்தனை நிமிடம் என்றுகூட வைக்கலாம். நேரத்தைவிடப் படத்தின் முடிவை வைத்து நிறுத்துவதே நல்லது, ஏனென்றால் கடிகாரம் கதையின் நடுவில் வெட்டிவிடும்.

படங்களைக் கோப்புகளாக ஏற்றுவதாக இருந்தால் 480பி தரமே தாராளம். 8 அங்குலத் திரையில், குலுங்குகிற காரில், அதற்கு மேல் உள்ள தெளிவு கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. 32 ஜிபி கார்டில் 60 மணி நேரம் அடங்கும். ஆனால் அவ்வளவையும் ஏற்றாதீர்கள். போகும் வழிக்கு மூன்று, திரும்பி வர மூன்று. பட்டியல் நீண்டால் "இது வேணாம், அது" என்று தேர்வு செய்வதிலேயே செங்கல்பட்டு வந்துவிடும். விஎல்சி மாதிரி பிளேயரில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடிடி ஆப்களில் இறக்கி வைப்பவர்கள் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு வைஃபையில் எல்லாம் ஓடும், ரோட்டில் "இணையத்தோடு இணையுங்கள்" என்று கேட்கும். இறக்கியவற்றுக்கு காலாவதி உண்டு. சில படங்களுக்கு முதல் முறை பிளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரம்தான். ஆகவே ஒரு வாரம் முன்பே போட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள். கிளம்பும் முந்தின இரவு ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு, போகும் வழிக்கான ஒவ்வொன்றையும் பத்து நொடி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மறுநாளும் ஓடும்.

டிவிடி பிளேயரே வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பல பிளேயர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றோடு வரும் கார் வயரின் தலைக்குள் 12 வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட் இருக்கும். அந்த வயர் தொலைந்து, பின் பொருந்துகிறதே என்று வேறு வயரை மாட்டினால் பிளேயர் கருகும். இன்ஜின் ஓடும்போது கார் சாக்கெட்டில் வருவது 12 அல்ல, 14 வோல்ட்டுக்குப் பக்கம். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்றும் பார்க்க வேண்டும், பிளேயரின் அடியில் சின்ன வட்டப் படமாகப் போட்டிருப்பார்கள். இரண்டாவது, பென்டிரைவ். பழைய பிளேயர்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மட்டும்தான் படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எம்கேவி, எச்.265 மாதிரி புது வீடியோ வகைகள் எல்லாம் அதற்குத் தெரியாது. எக்ஸ்விட் ஏவிஐ என்ற பழைய வகைக்கு மாற்றித்தான் போட வேண்டும். உள் பேட்டரி செத்துப்போன பிளேயராக இருந்தால், பெட்ரோல் பங்கில் இன்ஜினை அணைத்த உடனே அதுவும் அணையும், திரும்பப் போட்டால் படம் முதலிலிருந்து வரும். பின்சீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

எப்போது போடுவது? வாசலில் சீட் பெல்ட் மாட்டும்போதே கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தாம்பரம் தாண்டும் முன் பாதிச் சரக்கு தீர்ந்துவிடும். அதிகாலை 5 மணிக்குத் தூக்கத்தோடு தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினால் திண்டிவனம் வரை யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. விழுப்புரம் பக்கம் காலைச் சாப்பாடு. அதன்பின் அரை மணி நேரம் திரை கிடையாது, வயிறு அடங்கட்டும். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் 90 நிமிடப் படத்தைப் போட்டால் சமயபுரம் டோல்கேட் வரும்போது முடியும். அங்கே இறங்கிக் கால் நீட்டலாம். திருச்சி–மதுரை பாட்டு, கதை, பாட்டுக்குப் பாட்டு. மதுரையில் மதியச் சாப்பாடு, அப்புறம் தூக்கம். இரண்டாவது படம் விருதுநகர் தாண்டி, விழித்துக்கொண்டு "இன்னும் எவ்ளோ தூரம்" ஆரம்பிக்கும்போது. இது குட்டிப் படமாக, அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். கோவில்பட்டிக்குப் பிறகு கடலைமிட்டாய் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் பயணத்தில் கொஞ்சம் மீறினால் குடி முழுகாது என்பது என் எண்ணம். ஆனால் கைக்குழந்தை முன்னால் திரையைக் கட்டித் தொங்கவிடுவதில் அர்த்தமே இல்லை. அதற்கு வேண்டியது பால், தூக்கம், பக்கத்தில் ஒரு முகம்.

மாட்டுவது பற்றி. மடியில் வைத்துப் பார்க்க விடாதீர்கள். தலை குனிந்தால் வாந்தி சீக்கிரம் வரும், சறுக்கி உட்கார்ந்து பெல்ட்டின் வார் கழுத்துக்கு ஏறும். வண்டி எதன் மீதாவது மோதி நின்றால் கையை விட்டுப் பறக்கும் அரைக்கிலோ டேப், கார் போன அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது போய் மோதும். முன்சீட்டு ஹெட்ரெஸ்ட்டின் இரண்டு கம்பிகளில் திருகி மாட்டும் ஹோல்டரே சரி. சில சின்னக் கார்களில் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு ஒட்டியே வரும், கம்பி இருக்காது. அவற்றுக்கு சீட்டைச் சுற்றிக் கட்டும் பட்டை வகை வாங்குங்கள். மாட்டியபின் டேப்பைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் ரோட்டிலும் வரும். திரையின் நடுப்பகுதி பிள்ளையின் கண்ணுக்கு நேராக அல்லது கொஞ்சம் கீழே, முகத்திலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் ஒரே திரையாக மாட்டுகிறவர்கள், ஓட்டுகிறவரின் உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கதவுக்கு மேலுள்ள கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவது ஆபத்து. கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அது அந்த இடத்திலிருந்துதான் வெடித்து இறங்கும்.

படம் பார்க்கும் சாக்கில் பெல்ட்டைக் கழற்ற விடாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மோட்டார் வாகனச் சட்டம் 194பி. அபராதம் கிடக்கட்டும், உயிர் முக்கியம்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். தெற்கே போகும்போது காலை வெயில் இடப்பக்கம், மதியத்துக்கு மேல் வலப்பக்கம். காலைப் படத்துக்கான திரையை வலப்பக்கம், அதாவது ஓட்டுகிறவர் சீட்டின் பின்னால் மாட்டினால் படம் தெரியும். இடப்பக்கம் மாட்டிவிட்டு வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் பேட்டரியும் போகும், டேப்பும் கொதிக்கும். இரவில் இதற்கு நேர்மாறு. வெளிச்சத்தைக் கடைசி வரை குறைக்காவிட்டால் பின் கண்ணாடியில் கார்ட்டூன் ஓடும்.

சார்ஜ். நல்ல பேட்டரியுள்ள டேப் ஏரோபிளேன் மோடில், பாதி வெளிச்சத்தில் ஆறேழு மணி நேரம் படம் காட்டும். நாம் காட்டப்போவதோ இரண்டு மணி நேரம். ஓடும்போதே சார்ஜ் போட வேண்டிய அவசியமே இல்லை. சூடு ஏறினால் டேப் சார்ஜை நிறுத்தும், இன்னும் ஏறினால் தானே அணையும். இடைவேளைகளில் போட்டுக்கொள்ளலாம். காரில் பாட்டுக்காக வரும் யூஎஸ்பி துளை பலவற்றில் அரை ஆம்பியர்தான், படம் ஓடினால் ஏறுவதைவிட இறங்குவது அதிகம். சிகரெட் லைட்டர் துளையில் 2.4 ஆம்பியர் சார்ஜர் மாட்டுங்கள். வயரை முன்சீட்டுக்கு அடியில் விடும்போது சீட் நகரும் தண்டவாளத்தில் படாமல் விடுங்கள், சீட்டைப் பின்னால் தள்ளியதும் நறுக்கென்று வெட்டும். சாப்பிட இறங்கும்போது டேப்பைக் கையோடு எடுத்துப்போங்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அது தாங்காது.

சத்தம். ஓடும் காரின் இரைச்சலை மீறப் பிள்ளைகள் ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திய சிறுவர் ஹெட்செட் கிடைக்கிறது, காதை மூடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பேர் என்றால் வயர் ஹெட்செட்டும், ஒரு துளையை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றும் போதும், புளூடூத்தில் இரண்டை இணைக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கார் ஸ்பீக்கரில் விடுவதானால் சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ஃபேடரைப் பின்பக்கம் தள்ளுங்கள். ஆனால் மேப்பின் குரல் கார் ஸ்பீக்கரில் வராது, அதைப் போனிலேயே கேட்க வேண்டும்.

கடைசியாக வாந்தி. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காதோ வண்டி திரும்புகிறது குலுங்குகிறது என்கிறது. இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாததுதான் தலைசுற்றல். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை இது அதிகம். வாயடிக்கும் பிள்ளை திடீரென்று அமைதியாகும். கொட்டாவி விடும். எச்சிலை அடிக்கடி விழுங்கும். மேலுதட்டில் வேர்க்கும், முகம் வெளிறும். இதில் இரண்டு தெரிந்தாலே திரையை அணையுங்கள், "இந்த சீன் முடியட்டும்" என்று காத்திருந்தால் அந்த சீன் சீட்டில்தான் முடியும். கண்ணாடியை இறக்கி, முன்னால் தூரத்தில் தெரியும் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கவர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, கதவுப் பையில் எப்போதும் இருக்கட்டும். காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டு டேப்பைக் குறை சொல்லாதீர்கள், இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுத்தான், அதுவும் கிளம்பும் முன்பே. மலைப்பாதையில் திரையே கூடாது. வால்பாறையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. அடிவாரத்திலேயே டேப்பைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுங்கள். அங்கே ஜன்னலில் பார்க்க நிஜமாகவே ஏதாவது இருக்கும்.

திரும்பி வரும்போது வெயில் பக்கம் மாறும், ஹோல்டரை மறுபக்கம் மாற்றுங்கள். வருவதற்கென்று வைத்த மூன்று படங்களை ஊரில் யார் கண்ணிலும் காட்டாதீர்கள். கிளம்பும் முந்தின இரவு டேப்பை நீங்களே எடுத்துச் சார்ஜில் போடுங்கள். மாமா பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து அதை எப்படியும் 3 சதவீதத்தில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்.