மூடினால் மூட வேண்டும், அவ்வளவுதான்

அப்டேட் வந்திருக்கிறது என்று கணினி எப்படிச் சொல்கிறது என்பது வெறும் டிசைன் சமாசாரம் இல்லை. திரையில் வரும் அந்த அறிவிப்புப் பெட்டியை மக்கள் நம்புகிறார்களா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

2016 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களை 'விண்டோஸ் 10-க்கு மாறுங்கள்' என்ற பெட்டி மாதக்கணக்கில் துரத்தியது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அப்போது வந்த பெட்டியில் மாறும் தேதியை மைக்ரோசாஃப்டே குறித்து வைத்திருந்தது. மூடினால் அந்தத் தேதிக்குச் சம்மதம் என்று கணக்கு! வேண்டாம் என்பவர்கள், உள்ளே சின்ன எழுத்தில் இருந்த இணைப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், ஜூன் கடைசியில், மறுப்பதற்கென்று தனிப் பொத்தான் வைப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இலவசச் சலுகை முடிய அப்போது ஒரு மாதமே பாக்கி.

இது வெறும் எரிச்சலோடு போகவில்லை. அந்தப் பெட்டி வந்ததே விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான். அதனால் பலர் அப்டேட்டையே மொத்தமாக நிறுத்தினார்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோயின. அடுத்த வருடம், 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீம்பொருள் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. திருத்தம் போடாததற்கு அலுவலகங்களில் வேறு காரணங்களும் உண்டு, சரி. ஆனாலும் அப்டேட்டைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றே சொல்வேன்.

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 9.04 பதிப்பில், 2009-இல், வேறு வழி பார்த்தார்கள். மேலே இருந்த சின்ன ஐகானை யாரும் கவனிப்பதில்லை என்று அப்டேட் ஜன்னலையே நேராகத் திறக்க வைத்தார்கள். கேட்காமல் ஜன்னல் திறப்பது எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் என்றால் தினமும், மற்றவை என்றால் வாரம் ஒருமுறை என்று பிரித்தார்களே, அது அருமையான யோசனை.

எனக்கு வேண்டியதும் அந்தப் பிரிவினைதான். பாதுகாப்புத் திருத்தம் என்றால், எந்த ஓட்டை, ரீஸ்டார்ட் வேண்டுமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரே வரியில் சொல்லட்டும். புது வசதிகளையும் விளம்பரங்களையும் அதே பெட்டியில் திணிக்கவே கூடாது. கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளம் புதுப் பதிப்பைப் பின்னணியில் தனியாக எழுதி வைத்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு ரீஸ்டார்ட்டில் வேலை முடிந்துவிடும். இது மற்றவர்களுக்கும் முடியாத காரியம் இல்லை.

2015-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஹோம் என்ற வீட்டுப் பதிப்பை வைத்திருந்தவர்கள் அப்டேட்டை ஏழு நாள் தள்ளிப்போட 2019 மே வரை காத்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய கணினியில் இதற்கு நான்கு வருடம் எதற்கு?