அண்ணா, எங்களுக்கு ஹோட்டல் வேண்டாம்

முந்தாநாள் நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று பேர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள், நான் என்னவோ பார்க்காத மாதிரி. பிரான்ஸில் டோர்டோன் ஆற்றங்கரையில், டென்ட்டுக்கு முன்னால் மூன்று பிள்ளைகளும் நிற்கிற படம். அதற்குத்தான் அந்தக் கருத்து: "ஏம்மா, இவ்வளவு கஷ்டமா? சொல்லியிருந்தா நாங்களே ஹோட்டல் போட்டுத் தந்திருப்போமே." கூடவே இரண்டு சிரிப்பு முகம். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

பெயர் சொல்லப் போவதில்லை. மூத்தவர், அண்ணா என்று கூப்பிட்டே பழகியவர். கிண்டலுக்குச் சொன்னாராம். சரி, கிண்டலாகவே இருக்கட்டும்.

அண்ணா, எங்களுக்குக் கஷ்டம் இல்லை. கணக்கு இருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரை ஒரே அறையில் விடுகிற ஹோட்டல் கிடைப்பது அரிது. பெரும்பாலும் இரண்டு அறை எடுக்கச் சொல்வார்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் வீட்டுக்காரர், பிள்ளைகளைப் பங்கு பிரித்துக்கொண்டு. அப்புறம் மூன்று வேளையும் வெளியே சாப்பாடு. நாங்கள் பார்த்த ஹோட்டலில் 4 இரவுக்கு ஆகிற பணத்தில் அதே ஆற்றங்கரையில் 11 இரவு இருந்துவிட்டு வந்தோம். எனக்கே நம்பிக்கை வராமல் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

மலிவாகக் கிடைத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோம் என்றும் நினைக்க வேண்டாம். அந்தத் தப்பை முதல் வருஷமே செய்து முடித்துவிட்டோம். தென் பிரான்ஸில் ஒரு கேம்ப்சைட் (டென்ட் போட்டோ, அங்கேயே இருக்கிற சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தோ தங்குகிற இடம்), பெயர் வேண்டாம். நான்கு நட்சத்திரம், தண்ணீர்ச் சறுக்கு, '6 பேருக்கான மொபைல் ஹோம்', அதாவது சக்கரம் வைத்த பெட்டி வீடு. போய்ப் பார்த்தால் அந்த ஆறு பேரில் இரண்டு பேர், சாப்பாட்டு மேசையை இறக்கி அதன் மேல் மெத்தைத் துண்டுகளை அடுக்கிப் படுக்க வேண்டும். பெரியவன் படுத்தான். நடு ராத்திரியில் மெத்தைகள் விலகி, அவன் இடுப்பு மட்டும் நடுவில் இறங்கிக் கிடந்தது. படுக்கை விரிப்புக்குத் தனி வாடகை. துண்டுக்குத் தனி. கிளம்பும்போது நாமே கூட்டித் துடைக்காவிட்டால் முன்பணத்தில் பிடித்தம். ஆகஸ்ட் மாதம், ஏசி கிடையாது, உள்ளே தகரப் பெட்டிச் சூடு. அவர் தொளதொள ஷார்ட்ஸோடு நீச்சல் குளத்துக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். பிரான்ஸில் பல இடங்களில் உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை இல்லாமல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். அந்தச் சறுக்கில் பிள்ளைகள் ஏறியது இரண்டே நாள். காசு கொடுத்தது ஏழு நாளுக்கும்.

அப்புறம்தான் புத்தி வந்தது. 1 முதல் 5 வரை கொடுக்கிற நட்சத்திரம், இருக்கிற வசதிகளைப் பார்த்துக் கொடுப்பது. நம் டென்ட்டுக்கு நிழல் விழுமா, ராத்திரி தூங்க முடியுமா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒரு விலையைப் பார்த்தால் அதில் எது எது சேரவில்லை என்றுதான் முதலில் தேடுகிறேன். விரிப்பு, கடைசி நாள் துப்புரவு, 18 வயது ஆனவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று இரவுக்கணக்கில் வாங்குகிற சுற்றுலா வரி, மின்சாரம். மின்சாரம் உண்டு என்று போட்டிருந்தாலும் எத்தனை ஆம்பியர் என்று கேட்க வேண்டும். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட்தான் தாங்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன 2000 வாட் கெட்டிலைப் போட்டேன், டப்பென்று கரண்ட் போனது. வரவேற்பறை திறக்கும்வரை காபி இல்லை.

பிரான்ஸின் சின்ன ஊர்களில் நகராட்சியே நடத்துகிற கேம்ப்சைட்டுகள் உண்டு. 'கேம்பிங் முனிசிபல்' என்று பலகை இருக்கும். சறுக்கு இருக்காது, ராத்திரி மேடைப் பாட்டு இருக்காது. மரம் இருக்கும், பல இடங்களில் ஆறும் இருக்கும், காசு குறைவு. படத்தில் நீங்கள் பார்த்துச் சிரித்த இடம் அதுதான். தேடித் தேடி எடுத்த இடம் அது. வேறு வழியில்லாமல் போய் விழுந்தது இல்லை.

உடனே வருவார்கள், "பொதுக் கழிவறையா, சீ" என்று. ஆமாம். காலையில் கையில் டாய்லெட் ரோலோடு நாலு பேர் பார்க்க நடந்துபோக வேண்டும். பல கழிவறைகளில் அதை வைக்க மாட்டார்கள். முதல் நாள் வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் எதிரே ரோலோடு வந்த ஒரு பெரியவர் எனக்குத் தலையசைத்து வணக்கம் சொன்னார், வெட்கம் போய்விட்டது.

மழை பெய்தால்? நனையும். அடுத்த கேள்வி.

"பணம் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் கழித்து ஹோட்டலிலேயே போகலாமே." போகலாம். அதற்குள் பெரியவன் எங்களோடு வர மாட்டேன் என்பான்.

"அங்கேயும் நீதானே சமைக்கிறாய், உனக்கு எது லீவு?" இதைக் கேட்டது என் தோழி. இது ஒன்று நியாயமான கேள்வி. அவரும் சமைத்தார், பிள்ளைகளும் பாத்திரம் கழுவினார்கள் என்று எழுதிப் பார்த்தேன், பிறகு அழித்துவிட்டேன். முக்கால்வாசி நான்தான் சமைத்தேன். ஆனால் அது டென்ட்டின் தப்பு இல்லை, வீட்டிலும் அதே கதைதான். அதைப் பற்றி இன்னொரு நாள்.

டென்ட் என்றாலே இளப்பமாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. பிரான்ஸில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது 1936இல். ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்து டிக்கெட்டும் கொடுத்தார்கள். ஹோட்டலுக்கு வழியில்லாத எத்தனையோ பேர் டென்ட்டைக் கட்டிக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கப் போனார்கள். அவர்களிடமும் யாராவது "ஏம்பா, இவ்வளவு கஷ்டமா" என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருப்பார்கள். அப்போதும் அண்ணன்கள் இருந்திருப்பார்கள்.

நேற்று மகள் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். பொதுத் தொட்டியில் ஒரு டச்சுப் பெண்ணோடு சேர்ந்து பாத்திரம் கழுவிய பிள்ளை அவள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. இவள் தேய்க்க அவள் அலச, அரை மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரம் செய்தார்கள். பத்து நாளும் பிளாஸ்டிக் பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடியவள், "எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா" என்கிறாள்.

எடுக்க மாட்டேன்.

உண்மையில் ஹோட்டல் என்று சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. 'சொல்லியிருந்தா' என்ற வார்த்தைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவருக்கு வேலை போனபோது சொன்னோமே அண்ணா. போனில் சொன்னோம், நேரிலும் வந்து சொன்னோம். அப்போது நீங்கள் எதுவும் போட்டுத் தரவில்லை, சிரிப்பு முகம்கூட.

சரி, விடுங்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசி வாரம் அதே இடம்; கூட்டமும் குறையும், விலையும் இறங்கும். பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்க. படுக்கை விரிப்பு மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.