ரவுண்டானாவில் கொட்டிய ஒரு கிலோ மாவு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நடுரோட்டில் விழுந்தேன். பெரிய அடி இல்லை. வலது முழங்காலில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போயிற்று, சுடிதார் கிழிந்தது, ஸ்கூட்டரின் வலது கண்ணாடி உடைந்தது, கொக்கியில் மாட்டியிருந்த இட்லி மாவுப் பாக்கெட் வெடித்தது. இவ்வளவுதான். ஆனால் ஒரு வாரமாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

நான் இருப்பது கோயம்புத்தூர். ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு ரவுண்டானா. அன்றைக்கு நான் வட்டத்துக்குள் நுழைந்து, முதல் சாலையைத் தாண்டி, நேரே போவதற்காகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேகம் இருபது கூட இருக்காது. இடது பக்கச் சாலையிலிருந்து ஒரு வெள்ளை கார் நிற்காமல், வேகத்தைக் குறைக்காமல், மாமியார் வீட்டுக்குள் நுழைவது போல நேராக உள்ளே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். அங்கே கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது. அடுத்த நொடி நான் கீழே.

கார்க்காரர் நிறுத்தினார், கண்ணாடியை இறக்கினார். எங்கள் ஊரில் திட்டுவதற்கும் ஒரு மரியாதை உண்டு. "ஏனுங்க்கா, மெயின் ரோட்டுல வண்டி வருதில்லீங்க, பார்த்து வரக் கூடாதுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

அவர் திமிராகச் சொல்லியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்த மனிதர் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். தன் பக்கம் அகலமான ரோடு, ஆகவே தான் மெயின் ரோடு, ஆகவே சுற்றி வருகிறவள் நிற்க வேண்டும். அவர் மட்டுமா? மறுநாள் பார்க்கிற ஆட்களிடமெல்லாம் கேட்டேன், ரவுண்டானாவில் யார் யாருக்கு வழி விட வேண்டும் என்று. ஆபீஸில் பக்கத்து சீட்காரர் "மெயின் ரோட்டுக்காரனுக்கு" என்றார். ஆட்டோ அண்ணன் "பெரிய வண்டிக்குத்தாங்க, வேற யாருக்கு?" என்றார், குறைந்தபட்சம் அதில் நேர்மை இருந்தது. எதிர்வீட்டு அக்கா, முதலில் ஹாரன் அடிப்பவருக்கு என்றார். மகளின் டியூஷன் சார்தான் உச்சம். "வெளியே இருந்து வர்றவங்களுக்குத்தான் விடணும், இல்லேன்னா அவங்க எப்படி உள்ளே நுழையறது?" கணக்கு வாத்தியார் அவர்.

சரியாகச் சொன்ன ஒரே ஆள் என் அப்பா. பஞ்சாலை பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். முழங்காலில் மஞ்சள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உள்ளே சுத்தறவனுக்குத்தான் முதல் வழி. வலது கைப்பக்கம் வர்றவனுக்கு விடணும், அவ்வளவுதான் கண்ணு."

தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னதுதான் சட்டம். 2017-ல் வந்த மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளில், ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை என்று இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1989 விதிகளிலும், மெயின் ரோடு என்று முறையாக அறிவிக்கப்படாத எந்தச் சந்திப்பிலும் வலது பக்கம் வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்றுதான் இருந்தது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், வட்டத்தைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறோம். அப்படியானால் உள்ளே நுழைகிறவருக்கு, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி எப்போதும் வலது பக்கத்திலிருந்துதான் வரும். இரண்டு விதிக்கும் விடை ஒன்றுதான். நுழைவதற்கு முன் வலது பக்கம் பார், வண்டி வந்தால் நில், இடம் கிடைத்தால் போ. மூன்று வரி. இதை எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

யார் சொல்லித் தந்திருக்க முடியும்? நான் லைசென்ஸ் எடுத்த கதை எல்லோருடைய கதைதான். மைதானத்தில் எட்டு போடச் சொன்னார்கள், போட்டேன். யோசித்துப் பாருங்கள், எட்டு என்பது என்ன? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரவுண்டானா. அதைச் சுற்றத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள், ஆனால் அந்த வட்டத்தில் நம்மைத் தவிர வேறு வண்டியே கிடையாது. கால் ஊன்றினால் ஃபெயில். அங்கே பழகிய பாடம்தான் போலிருக்கிறது, ரவுண்டானாவிலும் ஒருத்தரும் கால் ஊன்றுவதில்லை.

இந்த ஒரு விதி இல்லாவிட்டால் ரவுண்டானா என்கிற ஏற்பாடே வேலை செய்யாது, அதுதான் எரிச்சலின் வேர். வெளியே இருப்பவர்கள் நிற்காமல் நுழைந்துகொண்டே இருந்தால் வட்டம் நிரம்பும். நிரம்பினால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது. வெளியேறாவிட்டால் பின்னால் வருகிறவர் நகர முடியாது. கடைசியில் நான்கு பக்கமும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும் பாம்புகள் மாதிரி பூட்டிக்கொள்ளும். பிரிட்டனில் லெட்ச்வொர்த் என்கிற ஊரில் 1909-லேயே ரவுண்டானா வந்துவிட்டது. ஆனால் சுற்றிக்கொண்டிருப்பவருக்கே வழி என்று நாடு முழுவதற்குமான விதி 1966 நவம்பரில்தான் வந்தது. அதுவரை அவர்களும் நம்மைப் போல மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பாரிஸில் அந்தப் பெரிய வெற்றி வளைவைச் சுற்றி 12 சாலைகள் சேருகின்றன, அங்கே விதி தலைகீழ்: உள்ளே நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை, சுற்றுகிறவர் நிற்க வேண்டும். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனாலும் யார் நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதி வைத்த விஷயம். நம்மிடமும் எழுதி வைத்திருக்கிறது. படித்தவர் யார் என்பதுதான் கேள்வி.

கோவையில் சில வருஷங்களாகப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவுமாக மாற்றிவிட்டார்கள். லாலி ரோடு சந்திப்பில் சிக்னலுக்குக் காத்துக் கிடந்த காலம் நினைவிருப்பவர்களுக்கு அந்த நிம்மதி தெரியும். அதை நான் மறுக்கவில்லை. நான்கு சாலை கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8 என்பது போக்குவரத்துப் பொறியியலில் பால பாடம். மோதினாலும் நேருக்கு நேராக மோதுவதில்லை, சரிந்து உரசுகிற மோதல். காருக்குள் இருப்பவருக்கு அது கதவில் ஒரு சொட்டை. அதே உரசல் ஸ்கூட்டரில் இருப்பவருக்கு என்ன என்பதை என் முழங்கால் சொல்லும்.

சிக்னல் இருந்தபோது சிவப்பு விளக்கு எனக்காகப் பேசியது. இப்போது நானே பேச வேண்டியிருக்கிறது, அதுவும் டவுன் பஸ்ஸிடம்.

இப்போது மாவு விஷயத்துக்கு வருகிறேன். கீழே விழுந்து, யாரோ ஒரு தம்பி வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்த, நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அந்த ஒரு கிலோ மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தார் ரோட்டில் வெள்ளையாகப் பரவி, மெதுவாக ஓட ஆரம்பித்தது. நடுவட்டத்தை நோக்கி ஓடவில்லை. வெளிப்பக்கமாக, நடைபாதை ஓரத்துச் சாக்கடையை நோக்கி ஓடியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார். நெடுஞ்சாலை வளைவில் வெளி ஓரத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், வண்டி உள்பக்கம் சாயும்போது ரோடும் கூடவே சாய்ந்து தாங்கிப் பிடிக்கும். ரவுண்டானாவில் மழைத்தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் வெளிப்பக்கம் சரிவாகவே விட்டிருப்பார்கள். நீ வலது பக்கம் சாய்கிறாய், ரோடு இடது பக்கம் சாய்கிறது. காருக்கு நான்கு சக்கரம், அதற்குத் தெரியாது. இரண்டு சக்கரத்துக்கு அங்கே பிடிமானம் குறைவு. இதன் மேல் மணல், லாரி டேங்கிலிருந்து சிந்திய டீசல், வழுவழுவென்று வெள்ளை பெயின்ட் கோடு, நடுவில் ஒரு இரும்பு மூடி. மழை தூறினால் முடிந்தது. வளைவில் இருக்கும்போது முன்பிரேக்கைப் பிடிக்காதே என்று அப்பா சொன்னார். சரிதான், கார் மூக்கை நீட்டும்போது எதைப் பிடிப்பது?

பஸ்ஸைப் பற்றியும் அவரேதான் சொன்னார். நீளமான வண்டி வளையும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பஸ்ஸுக்கும் நடுவட்டத்துக்கும் இடையே ஸ்கூட்டர் போகிற அளவுக்கு இடம் தெரியும், ஆசை காட்டும், நுழைந்தால் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியேறும்போது இடது பக்கத்திலும் அதே கதை. இந்த இருபது வருஷத்தில் நான் எத்தனை முறை அந்த இடைவெளியில் நுழைந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

கார்க்காரர்களுக்கும் ஒன்று. உங்கள் முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு தூண் இருக்கிறது இல்லையா, அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் முழுசாக ஒளிந்துகொள்ளும். நீங்கள் மெல்ல முன்னே வர, அது வளைந்து வர, கடைசி நொடி வரை அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். "திடீர்னு எங்கிருந்தோ வந்துட்டாங்க" என்பீர்கள். எங்கிருந்தும் வரவில்லை. கழுத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டிப் பாருங்கள், அங்கேதான் இருப்போம்.

அப்புறம் இந்த இண்டிகேட்டர். நேராகப் போகிறேன் என்று சொல்ல நான்கு விளக்கையும் ஒன்றாக மினுக்கும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, அவர்களை ஒருநாள் பார்க்க வேண்டும். நான்கும் எரிந்தால் வண்டி கெட்டு நிற்கிறது என்று அர்த்தம். வட்டத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தால் அவர் வெளியேறப் போகிறாரா, தொடர்ந்து சுற்றப் போகிறாரா, எனக்கு ஜோசியமா தெரியும்? செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வெளியேறும் சாலைக்குச் சற்று முன்னால் இடது இண்டிகேட்டர். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் நுழைவார். அதை ஒருத்தரும் போடுவதில்லை. போடுகிற ஒன்றிரண்டு பேரும் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு அணைப்பதில்லை. வலது பக்கம் திரும்ப முக்கால் வட்டம் சுற்றச் சோம்பல்பட்டு, ராங் சைடில் வட்டத்தை வெட்டி வருகிறவர்களைப் பற்றி எழுதினால் என் கைதான் வலிக்கும்.

நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிலை, நீரூற்று, செடி, ஸ்பான்சர் பலகை, ராத்திரியில் கண்ணைக் கூசும் நிறம் மாறும் விளக்கு. போக்குவரத்துக்கு இடைஞ்சலாகப் பொதுச்சாலையில் புதிதாகச் சிலை வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. எங்கள் ரவுண்டானாவில் சிலை இல்லை, ஊர்ப் பெயரும் ஒரு சிவப்பு இதயமும் இருக்கின்றன. அதன் முன் செல்ஃபி எடுக்க, ஓடும் வண்டிகளுக்கு நடுவே குழந்தையை இழுத்துக்கொண்டு ஆட்கள் குறுக்கே ஓடுகிறார்கள். இதயத்துக்குச் செலவு செய்தவர்கள் தார் ரோட்டில் "வழி விடு" என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். வழி விடுவதற்கான பலகை, அந்தத் தலைகீழ் முக்கோணம், நான்கு நுழைவில் ஒன்றில் மட்டும் இருக்கிறது. அதன் மேல் யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா போஸ்டர். குழந்தை அழகாகச் சிரிக்கிறது.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44-க்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். எல்லாமே ரவுண்டானாவில் நடந்ததில்லை, தெரியும். ஆனால் இந்த எண்ணைப் படித்த பிறகு "பார்த்து வரக் கூடாதுங்களா" என்ற கேள்வி காதில் வேறு மாதிரி விழுகிறது.

நேற்று அதே ரவுண்டானா. புதுக் கண்ணாடி மாட்டியிருந்தேன். நுழைவில் வலது பக்கம் பார்த்தேன், ஒரு பால் வண்டியும் இரண்டு பைக்கும் சுற்றி வந்துகொண்டிருந்தன. நின்றேன். முழங்கால் வலிக்க வலிக்கக் காலை ஊன்றி, முறையாக நின்றேன். பின்னால் ஹாரன். விடாத ஹாரன். பொறுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. புதுக் கண்ணாடியில் யாரென்று பார்த்தேன்.

டிரைவிங் ஸ்கூல் கார். கூரை மேல் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பையன் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தவர் மாஸ்டர்.