ஸ்லோ மோஷன குடுத்துட்டு கையக் கட்டிப்போட்டா எப்படிங்க ஆடறது

மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரில வேல பாக்கறவனுக்கு ஒரு நாளைக்கு சொந்தமா கெடைக்கறது ஒரு மணி நேரம். காவேரிப்பட்டினம் பக்கம் இருக்கேன், ஷிப்ட் முடிஞ்சு வண்டில வந்து குளிச்சு சாப்ட்டு ஒக்காரும்போது மணி 11 ஆயிடுது. அந்த ஒரு மணி நேரத்த நேத்து ஒரு துப்பாக்கி சண்ட வீடியோ கேம்ல வர்ற ஒரே ஒரு ரூம் தின்னுடுச்சு. 23 தடவ செத்தேன். சாவறது பிரச்சனையே இல்ல, என் தப்பால செத்தா வாய மூடிட்டு திரும்ப ஆடுவேன், ஆனா இது என் தப்பு இல்லங்க, கேம் செஞ்சவன் தப்பு, அதான் தூக்கம் வராம எழுதிட்டு இருக்கேன்.

அந்த ரூம சொல்றேன். நீளமான ஹாலு, ரெண்டு பக்கமும் கண்ணாடி, நடுவுல தூணு. உள்ள நொழஞ்ச ஒடனே 5 பேரு சுடறானுங்க. பட்டன அமுக்கி சைடுல பாயறேன், எல்லாம் மெதுவாகுது, ஹீரோ போட்டிருக்கற கோட்டு விரியுது, கண்ணாடி தூளு தூளா காத்துல நிக்குது, தோட்டா போற கோடு கூட தெரியுது, பாக்க அவ்ளோ அழகு. மொத ஆளு தலைல சரியா வெக்கறேன். ஹெல்மெட் பறக்குது. ஆளு சாவல! ரெண்டாவது குண்டு, தள்ளாடறான். மூணாவதுல தான் விழறான். அதுக்குள்ள ஸ்லோ மோஷன் எவ்ளோ மிச்சம்னு காட்டற மீட்டர் காலி, தொப்புனு கீழ விழறேன், விழுந்தவன் எந்திரிக்க ரெண்டு செகண்டு, அந்த ரெண்டு செகண்டும் நான் எந்த பட்டன அமுக்குனாலும் வேல செய்யாது. ஷாட்கன்காரன் நிதானமா நடந்து வந்து சுட்டுட்டு போறான். பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு இருந்த அக்கா பையன், "மாமா, நீ சுடவே மாட்டேங்கற, ஏன் சும்மா படுத்துருக்க?"ன்னு கேக்கறான். என்னத்த சொல்றது அவன்கிட்ட?

ஸ்லோ மோஷன் எதுக்குங்க? அழகு ரெண்டாவது. மொத வேல, ஆடறவனுக்கு நேரம் குடுக்கறது. ஊரே மெதுவா நகரும்போது உன் குறி மட்டும் வழக்கமான வேகத்துல நகரும், அந்த வித்தியாசம் தான் உன்னோட பலமே. 2001ல ரெமிடிங்கற கம்பெனி பண்ண மேக்ஸ் பெய்ன் கேம்ல இத எவ்ளோ தெளிவா புரிஞ்சு செஞ்சிருந்தானுங்க. கிருஷ்ணகிரில ஸ்கூல் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், ஒரு மணி நேரத்துக்கு 20 ரூவா, ரெண்டு பேரு காசு போட்டு ஒரு சீட்டுல ஒக்காந்து ஆடுவோம், ஒருத்தன் கீபோர்டு ஒருத்தன் மவுசு. அதுல ஒவ்வொரு தோட்டாவும் நெஜமாவே காத்துல பயணம் பண்ணி வரும், ஸ்லோமோல அத கண்ணால பாத்து ஒதுங்கலாம். எதிரிய கொன்னா மீட்டர் கொஞ்சம் ரொம்பும், அதனால பயந்து ஒளியறத விட பாஞ்சு போறது தான் லாபம். அதுவும் கஷ்டமான கேம் தான், குண்டு சரியா பட்டா நீ சீக்கிரம் காலி, ஆனா எதிரியும் அதே மாதிரி காலி. கணக்கு நேர்மையா இருந்துச்சு. எங்க வேணாலும் சேவ் பண்ணிக்கலாம், செத்தா அடுத்த நிமிஷம் திரும்ப அங்கயே நிப்போம்.

பாஞ்சு விழுந்தப்புறம் என்ன பண்றதுங்கற பிரச்சனைய 2012லயே தீத்துட்டானுங்க, மூணாவது மேக்ஸ் பெய்ன்ல விழுந்த எடத்துலயே படுத்துகிட்டு நாலா பக்கமும் திரும்பி சுடலாம். 2016ல வந்த சூப்பர்ஹாட் இன்னும் ஒரு படி மேல, நீ நகந்தா தான் நேரமே நகரும், உனக்கும் ஒரு குண்டு எதிரிக்கும் ஒரு குண்டு, செத்தா கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள மறுபடி ஆரம்பம். அதுல எத்தன தடவ செத்துருப்பேன்னு கணக்கே இல்ல, ஒரு தடவ கூட கோவம் வந்ததில்ல.

இவ்ளோ நல்ல வழி கண்ணு முன்னாடி இருக்கும்போது இப்ப வர்றவனுங்க ஏன் எதிரி ஒடம்புல குண்ட கொட்ட வெக்கறானுங்க? ஒரு ஆளுக்கு மூணு ஹெட்ஷாட்டுன்னா 5 பேருக்கு 15 குண்டு, மீட்டர் தாங்கறது 4 செகண்டு, துப்பாக்கில 12 குண்டு. கூட்டி கழிச்சு பாருங்க, அழகா பாஞ்சு ஜெயிக்கவே முடியாது! அப்ப என்ன பண்ணணும்? தூணுக்குப் பின்னாடி குந்திகிட்டு ஒவ்வொருத்தனா எட்டிப் பாத்து சுடணும். நேத்து 20வது தடவைக்கு மேல அதத் தான் பண்ணேன், ஷீல்டு புடிச்சவன் ஒருத்தன் வந்து அங்கயும் வெரட்டறான். ட்ரெய்லர் முழுக்க பாயறான் பறக்கறான், காசு குடுத்து வாங்குனவன் மட்டும் குந்திகிட்டு கெடக்கணுமா?

அதவிட வயித்தெரிச்சல், செக்பாயிண்ட், அதான் செத்தா திரும்ப ஆரம்பிக்கற எடம். ஹாலு கதவு முன்னாடி வெக்கலாம்ல? வெக்கல. கீழ லிஃப்ட்ல வெச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்ல மேல போகணும், ஹீரோ சோகமா ரெண்டு வசனம் பேசுவான், ஸ்கிப் பண்ண முடியாது, 40 செகண்டு. 23 தடவைக்கு 15 நிமிஷம் ஆச்சு. என்னோட ஒரு மணி நேரத்துல கால்வாசி லிஃப்ட்லயே போச்சுங்க. ஒரு தடவ மூணு பேர சாய்ச்சு நாலாவது ஆள குறி வெக்கும்போது கரெண்டு போச்சு, அதுக்கு நான் யாரையும் திட்டல, கோடைல அது நடக்கறது தான். திரும்ப கரெண்டு வந்து போட்டா மறுபடி அதே லிஃப்ட், அதே வசனம், பையன் தூங்கிட்டான், எனக்கு கண்ணு எரியுது.

கஷ்டமா வெக்காதீங்கன்னு சொல்லல. ஆளுங்கள இன்னும் அஞ்சு பேரு சேத்து விடுங்க, என்ன ஒரே குண்டுல சாவடிங்க, ஏத்துக்கறேன். ஹெல்மெட்ட மட்டும் தூக்குங்க, கொன்னா மீட்டர் ரொம்பணும், கீழ விழுந்தா சுடற பட்டன் வேல செய்யணும், லிஃப்ட் வசனத்த ஒரு தடவைக்கு மேல கேக்க வெக்காதீங்க. இன்னிக்கும் ஷிப்ட் முடிஞ்சு 11 மணிக்கு வருவேன், அந்த கண்ணாடி ஹால்ல ஒரே ஒரு தடவயாவது பாஞ்சே ஜெயிக்கணும் எனக்கு.