அப்பாவுக்கு எந்தக் கலர்?

வந்தவர்: அண்ணே, ஆயில் பெயின்டிங்கில் அப்பா கொஞ்சம் கலராகத் தெரிவாரா?

ஓவியர்: போட்டோவில் இருக்கிற மாதிரியே வருவார் தம்பி.

வந்தவர்: அதுதான் வேண்டாம் என்கிறேன்.

ஓவியர்: ஆயில் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். எப்போது வேண்டும்?

வந்தவர்: அடுத்த மாதம் திதி.

ஓவியர்: அப்படியானால் அக்ரிலிக். சீக்கிரம் காய்ந்துவிடும்.

வந்தவர்: காய்ந்தால் கறுக்காதே?

ஓவியர்: ஒரு பொட்டு கறுக்கும்தான்.

வந்தவர்: ஐயோ, வேண்டாம்.

ஓவியர்: சார்கோல்?

வந்தவர்: கரியா! பெரியப்பா வீட்டில் ஏற்கெனவே பேசுகிறார்கள் அண்ணே.

ஓவியர்: சரி, வாட்டர்கலர். அதில் வெள்ளை பூசுவது அபூர்வம். வெளிச்சம் படும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவோம்.

வந்தவர்: அருமை! அப்பா முகத்தை முழுதாக விட்டுவிடுங்கள்.

ஓவியர்: வெறும் தாளுக்கா மாலை போடுவீர்கள்?

வந்தவர்: மீசை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஓவியர்: முதலில் போட்டோ எங்கே?

வந்தவர்: வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே. கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசை, மாப்பிள்ளை தலைப்பாகைக்குப் பின்னால்.

ஓவியர்: பாதி நெற்றிதான் தெரிகிறது. மூக்கு?

வந்தவர்: என் மூக்கேதான். என்னைப் பார்த்தே போடுங்கள்.

ஓவியர்: நிறத்தையும் உங்களைப் பார்த்தே போட்டுவிடவா?

வந்தவர்: (தன் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு) நான் வெயிலில் அலைகிறவன் அண்ணே.

ஓவியர்: அப்பா என்ன வேலை?

வந்தவர்: விவசாயம்.

ஓவியர்: நிழலிலா உழுதார்?

வந்தவர்: அதெல்லாம் விடுங்கள். தஞ்சாவூர் பெயின்டிங்கே போடலாம். அதில் கண்ணனே பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறார்.

ஓவியர்: கார்மேக வண்ணனை வெள்ளையாக்கியதே உங்களை மாதிரி ஆர்டர் கொடுத்த யாரோதான். அது பெரிய வேலை தம்பி. பலகையில் துணி ஒட்டி, சாக்பவுடர் பூசி, தங்கரேக்கு...

வந்தவர்: பவுடரா? அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பூசுங்கள்.

ஓவியர்: அது முகத்துக்கு இல்லை, பலகைக்கு!

வந்தவர்: முகமும் பலகையில்தானே வரும்?

ஓவியர்: (பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு) இப்படித்தான் ஒருவர் தாத்தாவைச் சிவப்பாக்கி வாங்கிப் போனார். பாட்டி விளக்கேற்ற மாட்டேன் என்றுவிட்டார். யாரோ அந்நிய ஆம்பளையாம்.

வந்தவர்: எங்கள் அம்மாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது அண்ணே. அட்வான்ஸ் எவ்வளவு?